ஜன்னலுக்கு அலங்காரப் பார் போடும் முன் கிரில்லைப் பாருங்கள்

எங்கள் வீட்டு ஹால் ஜன்னலுக்குப் பார் போடப் போகிறேன் என்று சொன்னபோது அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவர் நினைத்த பார் வேறு. நான் சொன்னது, ஒரு பெரிய கண்ணாடியைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துக் காட்டும் மெல்லிய பட்டைகளை. யுபிவிசி என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் ஜன்னல் செய்யும் கடைகளில் இதை ஜார்ஜியன் பார் என்பார்கள். ஆசாரியிடம் கேட்டால் குறுக்குச் சட்டம் என்பார், சிலர் ரீப்பர் என்பார்கள். இங்கே எல்லாவற்றையும் பார் என்றே எழுதுகிறேன்.

மாட்டி முடித்த அன்று சாயங்காலம் அம்மா சோபாவில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்னடா, ஜெயில் மாதிரி இருக்கு" என்றார். சொன்னது சரிதான். எங்கள் ஜன்னலில் ஏற்கனவே நாலு அங்குலத்துக்கு ஒன்றாகக் கிரில் கம்பி இருந்தது. அதற்குப் பின்னால் கொசுவலை. அதற்கும் பின்னால் நான் புதிதாகப் போட்ட தங்கநிறக் கட்டங்கள். மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டாமல், வெளியே இருக்கும் வேப்பமரத்தையே மறைத்துவிட்டன.

தப்பு எங்கே நடந்தது என்றால், நான் கேட்லாக்கைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். கேட்லாக்கில் இருக்கும் வீடுகளில் கிரில் கிடையாது, கொசுவலை கிடையாது, பல படங்களில் திரைச்சீலைகூடக் கிடையாது. சென்னை வீட்டில் இந்த மூன்றும் இல்லாத ஜன்னலை நான் பார்த்ததில்லை. அதனால் இந்தக் கட்டுரை கேட்லாக் போகும் வரிசையில் போகாது. கிரில்லில் ஆரம்பிக்கிறோம், நிறம் கடைசியில் வரும்.

இந்தக் கட்டங்கள் ஏன் வந்தன

ஒரு காலத்தில் இது அலங்காரமே இல்லை. பெரிய கண்ணாடித் தகடு செய்ய வழியில்லாததால் வந்த ஏற்பாடு. உருகிய கண்ணாடியை ஊதி, சுழற்றித் தட்டாக விரித்து, அதிலிருந்து சின்னத் துண்டுகளாக வெட்டுவார்கள். அந்தத் துண்டுகளைப் பிடித்து வைக்கத்தான் மரச்சட்டங்கள். இங்கிலாந்தில் 1714-இல் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஜார்ஜ் என்ற பெயருள்ள மன்னர்கள் அடுத்தடுத்து ஆண்டார்கள். அந்தக் காலத்து வீடுகளின் கட்ட ஜன்னல்தான் ஜார்ஜியன் என்ற பெயரோடு நம் ஊர்க் கடைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. 1959-இல் பில்கிங்டன் நிறுவனம் உருகிய தகரத்தின் மேல் கண்ணாடியை மிதக்கவிட்டுத் தகடாக்கும் முறையை அறிவித்த பிறகு, பெரிய கண்ணாடி சாதாரணமாகிவிட்டது. ஸ்ரீபெரும்புதூரிலேயே அப்படிப்பட்ட ஆலை இருக்கிறது. ஆகவே இன்று பார் தேவை இல்லை, ஆசைதான். ஆசைக்குச் செய்கிறோம் என்று தெரிந்தால் எங்கே நிறுத்துவது என்பதும் தெரியும்.

முதல் வேலை: கிரில்லும் கண்ணாடியும்

அறைக்குள் நின்று ஜன்னலைப் பாருங்கள். கிரில் கண்ணாடிக்கு உள்பக்கமா, வெளிப்பக்கமா? மர ஜன்னலில் நிலைக்குள்ளேயே கம்பி இருக்கும், கதவு வெளியே திறக்கும், அதனால் கம்பி நமக்கு முன்னால் தெரியும். ஸ்லைடிங் ஜன்னலில் பெரும்பாலும் கிரில் சுவரோடு வெளியே போய்விடும். எந்தப் பக்கமாக இருந்தாலும் கண்ணுக்கு இரண்டு கோலங்கள் ஒன்றன் மேல் ஒன்றாகத்தான் தெரியும்.

புது வீடு கட்டுகிறீர்கள், கிரில் இன்னும் வெல்டிங் பட்டறைக்குப் போகவில்லை என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. கிரில்லை வெறும் நேர்க்கம்பிகளாக, எந்த வளைவும் பூவும் இல்லாமல் செய்யச் சொல்லுங்கள். அலங்காரத்தைக் கண்ணாடி பார்த்துக்கொள்ளும். கிரில்லில் ஏற்கனவே மயிலோ தாமரையோ இருந்தால், பார் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. மயிலுக்குப் பின்னால் கட்டம் போட்டால் மயில் கூண்டில் இருக்கும்.

பழைய கிரில், நேர்க்கம்பி, அதை மாற்றப் போவதில்லை என்றால் மூன்றாவது வழி ஒன்று உண்டு. பாரைக் கம்பியின் கோட்டிலேயே அமைப்பது. மூன்று கம்பிக்கு ஒன்று, நாலு கம்பிக்கு ஒன்று என்று எந்தக் கம்பிக்கு நேராக வரவேண்டும் என்று சுண்ணக்கட்டியால் குறியுங்கள். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கம்பிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மூன்று நாலு அங்குலம் இடைவெளி இருக்கும். நேராக நின்றால் இரண்டும் ஒன்றாகத் தெரியும், பக்கவாட்டில் நகர்ந்தால் பிரிந்துவிடும். கம்பியைவிடப் பார் அகலமாக இருந்தால் இந்தப் பிரிவு கொஞ்சம் மறையும். 12 மில்லிமீட்டர் கம்பிக்கு 25 மில்லிமீட்டர் பார் என்றால், லேசாக நகர்ந்து பார்த்தாலும் கம்பி பாருக்குள் ஒளிந்துகொள்ளும். முழுக்கப் பக்கவாட்டில் நின்றால் எதுவும் ஒளியாது, அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

ஜன்னல் எப்படித் திறக்கிறது?

இதைக் கேட்காமல் பார் விற்கும் ஆளிடம் வாங்காதீர்கள். ஸ்லைடிங் ஜன்னலில் ஒரு கதவு இன்னொன்றின் பக்கத்தில் உரசிக்கொண்டு போகிறது. கண்ணாடியின் மேல் ஒட்டும் பார் வெளியே துருத்திக்கொண்டிருக்கும், அடுத்த கதவின் ஓரச்சட்டத்தில் இடிக்கும். இல்லையென்றால் கொசுவலைக் கதவில் இடிக்கும். ஆகவே ஸ்லைடிங் என்றால் இரட்டைக் கண்ணாடிக்குள் வைக்கும் பார்தான் நிம்மதி. திறந்து மூடும் கதவு, அசையாத கண்ணாடி இரண்டுக்கும் எந்த வகையும் பொருந்தும். கதவு வெளியே திறந்து, கொசுவலை உள்ளே இருந்தால், வலையின் சட்டமும் ஒரு கோடாகத் தெரியும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

எந்த வகைப் பார்

வகைகள் நாலுதான். இவற்றை ஒழுங்காகப் புரிந்துகொண்டால் பாதிச் செலவு தப்பும்.

முதலாவது, அசல் கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் தனிக் கண்ணாடி, சட்டம்தான் அதைத் தாங்குகிறது. தேக்கு ஜன்னலுக்கு இதுவே அழகு. ஒரு கட்டம் உடைந்தால் தெருமுனைக் கண்ணாடிக் கடையில் அந்த அளவுக்கு வெட்டி வாங்கி, கண்ணாடியை ஓரத்தில் பிடித்திருக்கும் பீடிங் பட்டையைக் கழற்றி மாட்டிவிடலாம். குறை என்ன என்றால் ஆசாரி நல்லவராக அமைய வேண்டும். சட்டங்கள் சந்திக்கும் இடத்தில் இணைப்பு தளர்ந்தால், ஐப்பசி மழைக்கு மரம் ஊதி, சித்திரை வெயிலுக்குச் சுருங்கி, இரண்டு வருடத்தில் கண்ணாடி ஆட ஆரம்பித்துவிடும். மரவாடியில் மரம் வாங்கும்போது நன்றாகக் காய்ந்த மரமா என்று கேட்டு வாங்குங்கள். இடித்த வீட்டு மரம் கிடைத்தால் இன்னும் நல்லது, அது ஊதி முடித்துப் பல வருடம் ஆகியிருக்கும்.

இரண்டாவது, கண்ணாடியின் மேல் ஒட்டும் பார். ஒரே கண்ணாடி, அதன் உள்ளேயும் வெளியேயும் ஒரே கோட்டில் இரண்டு பட்டைகள். நன்றாகச் செய்தால் அசல் கட்டத்துக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. மோசமாகச் செய்தால் உள்பட்டையும் வெளிப்பட்டையும் இரண்டு மில்லிமீட்டர் தள்ளி நிற்கும், ஓரத்தில் டேப்பின் வெள்ளைக்கோடு தெரியும். எல்லாம் ஒட்டும் முறையைப் பொறுத்தது, அதைக் கீழே சொல்கிறேன்.

மூன்றாவது, இரட்டைக் கண்ணாடிக்குள் இருக்கும் பார். இப்படி இரண்டு கண்ணாடியை இடைவெளி விட்டுச் சேர்த்து ஓரத்தை மூடிய யூனிட்டைக் கடையில் டிஜியூ என்பார்கள். 5 மில்லிமீட்டர் கண்ணாடி, 12 மில்லிமீட்டர் இடைவெளி, மறுபடி 5 என்பது வழக்கமான ஒரு கணக்கு. அந்த இடைவெளியில் 8 மில்லிமீட்டர் கனமுள்ள பாரை வைத்தால் இரண்டு பக்கமும் 2 மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும். அந்த மிச்சம் அவசியம். பார் கண்ணாடியைத் தொட்டால் அந்த வழியாக வெப்பம் கடக்கும், கதவைச் சாத்தும்போது கடகடவென்று சத்தமும் வரும். சத்தம் வராமல் இருக்கப் பார்கள் சந்திக்கும் இடத்தில் சின்ன ரப்பர் பொட்டு வைப்பார்கள். வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். எங்கள் ஜன்னலில் வைக்கவில்லை. தெருவில் தண்ணி லாரி போனால் எங்கள் ஹாலில் சலங்கைச் சத்தம்.

இந்த வகையின் பெரிய வசதி துடைப்பது. வெளியே வழுவழுப்பான ஒரே கண்ணாடிதான், கட்டத்தின் மூலையில் தூசி சேராது. எதிரி ஈரம். ஓரத்து சீல் விட்டுப்போனால் உள்ளே ஈரம் புகுந்து பனி படரும், அதைத் துடைக்க யாராலும் முடியாது, முழு யூனிட்டையும் மாற்ற வேண்டும். உள்ளே பியூட்டைல், வெளியே பாலிசல்ஃபைடு அல்லது சிலிகான் என்று இரண்டு சீல் இருக்கிறதா, அதற்கு எத்தனை வருட வாரண்டி என்று எழுதி வாங்குங்கள். அப்புறம் எடை. கண்ணாடி ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. இரண்டு 5 மில்லிமீட்டர் கண்ணாடி என்றால் சதுர மீட்டருக்கு 25 கிலோ. மொத்தக் கனம் 22 மில்லிமீட்டர். பழைய மரக்கதவில் கண்ணாடிக்கு விட்ட பள்ளத்தில் இது உட்காராது, கீலும் தாங்காது.

நாலாவது, கழற்றி மாட்டும் சட்டம். கட்டம் போட்ட ஒரு தனிச் சட்டத்தை உள்பக்கமாக ஜன்னலில் கிளிப் வைத்து மாட்டுவது. வாடகை வீட்டுக்கு இதுதான். அபார்ட்மெண்டில் வெளித்தோற்றத்தை மாற்றச் சங்கத்தில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்றாலும் இதையே போடலாம். வெளியிலிருந்து பார்த்தால் தட்டையாகத் தெரியும், அவ்வளவுதான் குறை.

எந்த வகையும் புயலுக்குப் பலம் சேர்க்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரநிலை சென்னைக்கு வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்தக் காற்றைத் தாங்க வேண்டியது கண்ணாடியின் கனமும் சட்டத்தின் பிடிப்பும். மேலே ஒட்டிய பட்டை வெறும் பட்டை. 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்த அன்று ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

எத்தனை கட்டம், எந்த உயரத்தில்

பெரும்பாலானவர்கள் முதலில் கேட்பது எத்தனை கட்டம் என்றுதான். அதைவிட முக்கியம் குறுக்குப் பார் எந்த உயரத்தில் வருகிறது என்பது.

நம் ஊர் வீடுகளில் ஜன்னல் பெரும்பாலும் தரையிலிருந்து 3 அடியில் ஆரம்பித்து 7 அடியில், மேலே ஓடும் லிண்டல் கான்கிரீட்டில் முடியும். நடுவில் ஒரே ஒரு குறுக்குப் பார் போட்டால் அது சரியாக 5 அடியில் வரும். ஐந்தரை அடி உயரமுள்ளவர் நின்று பார்த்தால் கண் கிட்டத்தட்ட அங்கேதான். தினமும் தெருவைப் பார்க்கும்போது மூக்குக்கு நேராக ஒரு பட்டை. இரண்டு குறுக்குப் பார் போட்டால் 4 அடி 4 அங்குலத்திலும் 5 அடி 8 அங்குலத்திலும் வரும். சோபாவில் உட்கார்ந்தவரின் கண் கீழ்ப்பாருக்கும் கீழே, நிற்பவரின் கண் இரண்டுக்கும் நடுவே. யாருக்கும் தொந்தரவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. மேலே மூன்றில் ஒரு பங்கில் மட்டும் கட்டம், கீழே முழுக் கண்ணாடி. கிரில் உள்ள வீட்டுக்கு இது ரொம்பவே பொருந்துகிறது. பார்வை கெடாது, ஜன்னலுக்கு ஒரு முகமும் கிடைக்கும். மேல் கட்டங்களில் வேண்டுமானால் வண்ணக் கண்ணாடி வைத்துக்கொள்ளலாம், காலையில் தரையில் சிவப்பும் பச்சையும் விழும்.

கட்டத்தின் வடிவத்துக்கு ஒரு பொது வழக்கம்: அகலத்தைவிட உயரம் அதிகமாக இருக்கட்டும். படுத்த செவ்வகங்கள் ரயில் பெட்டியை ஞாபகப்படுத்தும். சதுரம் பரவாயில்லை. டைமண்ட் வடிவம் சின்ன ஜன்னலுக்கு மட்டும், அதுவும் கிரில் இல்லாத இடத்தில்.

கணக்கு போடுவது எளிது. தெரியும் கண்ணாடியின் அளவை எடுங்கள், கதவின் அளவை அல்ல. அதிலிருந்து பார்களின் மொத்த அகலத்தைக் கழித்து, கட்டங்களின் எண்ணிக்கையால் வகுங்கள். தெரியும் கண்ணாடி 620 மில்லிமீட்டர் அகலம், 1100 உயரம், பார் 20 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நேர்ப்பார் என்றால் 620-இல் 20 போக 600, ஒவ்வொரு கட்டமும் 300. இரண்டு குறுக்குப் பார் என்றால் 1100-இல் 40 போக 1060, மூன்றாகப் பிரித்தால் 353. ஆக, 300-க்கு 353, அழகான நின்ற கட்டம். கடையில் எல்லாமே மில்லிமீட்டர்தான், நீங்களும் அதிலேயே பேசுங்கள். அடியும் அங்குலமும் கலந்து பேசி எங்கள் வீட்டில் ஒரு பாத்ரூம் வெண்டிலேட்டர் சட்டம் வீணானது தனிக்கதை. பாத்ரூம் வெண்டிலேட்டருக்குப் பாரே தேவையில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

பால்கனிக் கதவுக்கும் பூஜை அறைக் கதவுக்கும் ஒரு வார்த்தை. கதவில் பூட்டும் கைப்பிடியும் வரும் உயரத்தை முதலில் குறித்து, குறுக்குப் பாரை அதற்கு நேராகவோ நன்றாகத் தள்ளியோ வையுங்கள். இரண்டங்குலம் தள்ளி வந்தால் அளவு தவறியது போலவே தெரியும். பக்கத்தில் ஜன்னல் இருந்தால் இரண்டின் குறுக்குக் கோடும் ஒரே மட்டத்தில் ஓட வேண்டும். கதவுக் கண்ணாடி டஃபண்ட், அதாவது சூடாக்கிப் பலப்படுத்திய கண்ணாடியாக இருக்கட்டும், குழந்தைகள் ஓடி வந்து மோதும் இடம் அது. டஃபண்ட் கண்ணாடியைத் தயாரித்த பிறகு வெட்டவோ துளை போடவோ முடியாது. அளவை முடிவு செய்துவிட்டுத்தான் ஆர்டர்.

ஒரு வாரம் டேப் ஒட்டிப் பாருங்கள்

பத்து ரூபாய் வேலை, பல ஆயிரத்தைக் காப்பாற்றும். பெயிண்டர்கள் பயன்படுத்தும் மாஸ்கிங் டேப்பை வாங்கி, நீங்கள் நினைத்திருக்கும் பாரின் அகலத்துக்குக் கண்ணாடியில் ஒட்டுங்கள். கண்ணாடி இன்னும் வராத புது வீடு என்றால் நிலையில் ஆணி அடித்து நாடா கட்டுங்கள். அப்படியே ஒரு வாரம் விட்டுவிடுங்கள். உட்கார்ந்து பாருங்கள், படுத்துப் பாருங்கள், இரவில் விளக்கு போட்டுத் தெருவில் நின்று பாருங்கள். வீட்டில் யார் அதிக நேரம் அந்த ஜன்னல் பக்கம் உட்காருகிறாரோ அவரிடம் கேளுங்கள். நான் அம்மாவிடம் முன்பே கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது.

உப்புக்காற்றும் வெயிலும்

பெசன்ட் நகர், திருவான்மியூர், சாந்தோம், ராயபுரம், நீலாங்கரை என்று கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் திருகாணியில்கூடக் கவனமாக இருக்க வேண்டும். சாதாரண இரும்புத் திருகாணி ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்து வெள்ளைப் பாரில் பழுப்புக் கோடு இறக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 316 என்ற தரம் உப்புக்கு 304-ஐவிட நன்றாகத் தாங்கும். அலுமினியப் பார் என்றால் பவுடர் கோட்டிங் வெட்டிய முனைகளிலும் மூடியிருக்கிறதா என்று பாருங்கள், அரிப்பு முனையில்தான் ஆரம்பிக்கும். எம்.டி.எஃப் பலகையில் செய்த பாரை வெளிப்பக்கம் போடவே போடாதீர்கள், தண்ணீர் பட்டால் பிஸ்கட் போல ஊதும். வெளிப்பக்க மரப்பாரின் மேல்முகம் சரிவாக இருக்கட்டும், தட்டையாக இருந்தால் மழைநீர் அதன் மேல் தங்கும்.

யுபிவிசி வெப்பத்தில் நீளும். ஒரு மீட்டர் நீளப் பார் 30 டிகிரி ஏற்றத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் நீளும். இரண்டு முனையும் இறுக்கமாக வெட்டியிருந்தால் கத்திரி வெயிலில் வில்லாக வளைந்துவிடும். மேற்குப் பார்த்த ஜன்னலில் கறுப்பு, அடர்பழுப்பு நிறங்கள் இன்னும் அதிகம் சூடாகும், அங்கே வெள்ளையோ சந்தன நிறமோ நல்லது. நிறத்தைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான்: பார் ஜன்னல் சட்டத்தின் நிறத்திலேயே இருக்கட்டும். தங்கநிறம் கேட்லாக்கில் மின்னும், வீட்டில் இனிப்புக் கடைப் பெட்டி போல இருக்கும்.

கடையில் கேட்க வேண்டியவை

சதுர அடி விலைக்குள் பார் அடங்குமா, ரன்னிங் அடிக்கு, அதாவது பாரின் நீளத்துக்குத் தனியா? ஒவ்வொரு சந்திப்புக்கும் தனிக் காசா? இதை முதலிலேயே கேட்காவிட்டால் கடைசி பில்லில் தெரியும். ஜன்னல் வாரியாகப் படம் வரைந்து, ஒவ்வொரு பாரும் கீழிருந்து எத்தனை மில்லிமீட்டரில் வருகிறது என்று எழுதி, அவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். படத்தில் கிரில் கம்பிகளையும் வரையுங்கள். மாதிரிப் பார் ஒன்றை வீட்டுக்கு வாங்கி வந்து கிரில்லுக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள்.

ஒட்டும் நாள்

மேலே ஒட்டும் பார் என்றால் அன்றைக்கு நீங்கள் வீட்டில் இருங்கள். கண்ணாடியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்த பிறகுதான் டேப். சோப்புத் தண்ணீர் போதும் என்பார்கள், போதாது. அக்ரிலிக் ஃபோம் டேப் என்றால் ஒட்டியபின் பார் முழுக்க அழுத்த வேண்டும், அது முழுப் பிடிப்புக்கு வர மூன்று நாளாகும். அதுவரை தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. மழை நாளில் இந்த வேலையே வேண்டாம். ஓரத்துக்குச் சிலிகான் போடும்போது வினிகர் வாசனை வந்தால் நிறுத்தச் சொல்லுங்கள், அது அசெட்டிக் வகை, இரட்டைக் கண்ணாடியின் சீலைக் கெடுக்கும். நியூட்ரல் சிலிகான் கேளுங்கள்.

முடித்ததும் ரசமட்டம் வைத்து ஒவ்வொரு குறுக்குப் பாரையும் பாருங்கள். பக்கத்துக் கதவின் பாரோடு நூல் பிடித்துப் பாருங்கள். கதவை இரண்டு முறை கொஞ்சம் வேகமாகச் சாத்திக் காது கொடுத்துக் கேளுங்கள். எல்லாம் சரி என்ற பிறகு பாக்கிப் பணம்.

எங்கள் ஹாலில் அந்தத் தங்கநிறப் பார் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. இரட்டைக் கண்ணாடிக்குள் போனதை எடுக்க முடியாதே. கிரில்லைத்தான் கழற்றி, பாரின் கோட்டுக்கு நேராக நாலே நாலு நேர்க்கம்பியும் நடுவில் மெல்லிய படுக்கைக் கம்பிகளுமாக மாற்றினோம். வேப்பமரம் திரும்பத் தெரிகிறது. தண்ணி லாரி போகும்போது சலங்கை மட்டும் நிற்கவில்லை.